ஒரு கெஜம் மிச்சம்

லேலண்ட் வோபாட் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டது நின்றபடிதான். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தின் பின்கட்டில் தட்டு கழுவும் இயந்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் ரப்பர் கையுறையோடு நின்றிருந்தேன். எங்கள் பக்கத்து ஆண்கள் இப்படிக் கேட்கும்போது ஒரு காலை மடித்துத் தரையில் ஊன்றிக்கொள்வார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து, உப்பு டப்பாவை நீட்டுவதுபோல நீட்டினார்.

"முட்டி மட்டும் போட மாட்டேன், நடீன். ஏன்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த வருஷம் கான்ஸஸில் அது தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

நான் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மாவுக்கு முதுகு போய்விட்டது, அவள் பார்த்த வேலைக்கு நான் போனேன். பரிமாறும் மேடைக்குப் பின்னால் நின்று உருளைக்கிழங்கு மசியலை அள்ளி வைக்கும் வேலை. அங்கே நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. நான் எல்லோரையும் பார்த்தேன்.

ஃபுட்பால் பையன்களில் லேலண்டும் கோர்டி ட்ரைலிங்கும் எப்போதும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கோர்டிக்குக் கழுத்தும் தோளும் ஒன்றுதான். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையில் பிடித்துத்தான் ஓடுவார்கள், இவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்களின் நடுவே புகுந்து போவார். பெரிய கிளப்புகளின் ஆட்கள் அவரைப் பார்க்க வந்துபோவதாகப் பேச்சு இருந்தது. லேலண்ட் மாற்று ஆட்டக்காரர். முன்னால் நின்று பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக் கொடுக்கும் இடத்துக்கு இரண்டாவது ஆள். முதல் ஆள் நன்றாக இருந்ததால் நான்கு வருஷமும் இவர் பெஞ்சில்தான் இருந்தார். வியாழக்கிழமை பீராக் போடுவோம், முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி. கோர்டி தன்னுடையதில் பாதியைப் பிய்த்து லேலண்டின் தட்டில் வைப்பார்.

"சாப்பிடுடா. பெஞ்ச் தேய்க்கவும் பலம் வேணும்ல."

"நீ விழுந்தா தூக்கறதுக்கு பலம் வேணும்டா எருமை."

1983-இல் எங்கள் பையன்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்தக் காலத்தில் நாட்டிலேயே முதல் அணி எது என்பது மைதானத்தில் முடிவாவதில்லை. பல ஊர்ப் பத்திரிகைகளின் விளையாட்டு எழுத்தாளர்கள் வாராவாரம் ஓட்டுப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரிசை வரும். கடைசி வரிசையில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களைப் புத்தாண்டன்று தங்கள் ஊரில் மோதவிடுவதாக அந்த வருஷம் ஃப்ளோரிடாக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் எங்கள் பையன்கள் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. சனிக்கிழமை அவர்கள் வேறொரு மைதானத்தில் இருப்பார்கள். எங்களைப் பற்றி அவர்களுக்குப் போய்ச் சேருவது இரண்டு எண்கள், எங்களுடையதும் எதிராளியுடையதும். இரண்டுக்கும் நடுவே பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு ஓட்டு. அதனால் ஜெயித்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாக் கோச்சுகளும் அதைத்தான் செய்தார்கள். எங்கள் கோச்சும் செய்தார். நவம்பரில் நாங்கள் இரண்டாவதாக இருந்தோம்.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரில்தான். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் சாப்பிட வருவார்கள் என்பதால் நாங்கள் சமையலறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். வந்த அணி பாவப்பட்ட அணி. பாதிப் பேர் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார்கள், முதல் வருஷப் பையன்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதல் ஆளுக்கும் கணுக்கால் பிசகியது. அப்படித்தான் லேலண்ட் உள்ளே போனார்.

முடிய ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நாங்கள் இருபத்தேழு, அவர்கள் பத்து. அவர்களுடைய கோட்டுக்கு ஒரு கெஜம்தான் மிச்சம், பந்தோடு அதைத் தாண்டினால் இன்னும் ஆறு புள்ளி. கோர்டி மூச்சு விட்டாலே உள்ளே போய்விடுவார் என்று ரேடியோக்காரர் சொன்னார். பிறகு அவர் குரல் மாறியது.

"பந்த வாங்கிட்டான்... என்னங்க இது. முட்டி போட்டுட்டான். வோபாட் முட்டி போட்டுட்டான்."

பந்து கையில் இருப்பவன் முழங்காலைத் தரையில் வைத்தால் அந்தத் தடவை அங்கேயே முடிந்துவிடும். கடிகாரம் மட்டும் ஓடும். தலைமைச் சமையல்காரி பெர்னடின் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பைத்தியமா அவன்? எழுந்து ஓடச் சொல்லுங்கடி யாராவது."

லேலண்ட் அடுத்த தடவையும் முட்டி போட்டார். அதற்கடுத்த தடவையும் போட்டார். ஆட்டம் முடிந்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் ஜெயித்தவர்களின் சத்தம் இல்லை. லேலண்ட் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கோர்டி தட்டோடு வந்து எதிரே நின்றார், உட்காரவில்லை. நான் அவர்களுக்கு நேரே கிரேவிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கோச் என்ன சொல்லி அனுப்பினாரு?"

"உன்கிட்ட கொடுக்கச் சொன்னாரு."

"அப்புறம் ஏன்டா கொடுக்கல?"

"ஜெயிச்சாச்சேடா. பதினேழு புள்ளி. ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?"

"அது உனக்கு. ஓட்டுப் போடறவனுக்கு?"

"அவங்களுக்குக் கண்ணு இல்லையா? ஒரு ஆட்டம்கூட நாம தோக்கல கோர்டி. அத விட என்ன வேணும்?"

கோர்டி வேறு மேஜைக்குப் போனார். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் லேலண்டோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வரிசை வந்தது. செப்டம்பரில் ஒரு ஆட்டம் தோற்றிருந்த அணி ஒன்று, நாங்கள் ஆடிய அதே சனிக்கிழமை ஐம்பத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று யாரையோ நசுக்கியிருந்தது. கடைசி நிமிஷத்திலும் அவர்கள் கோச் நிறுத்தவில்லையாம். அவர்கள் இரண்டாவது, நாங்கள் மூன்றாவது. நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அவர்கள் ஃப்ளோரிடா போய் முதல் அணியைத் தோற்கடித்து நாட்டின் சாம்பியன் ஆனார்கள். எங்கள் பையன்கள் டெக்ஸஸில் ஒரு சின்னப் போட்டியில், காலி இருக்கைகளுக்கு முன்னால், காற்றில் பந்து அலைய ஆடி ஜெயித்தார்கள். அந்த வருஷம் எங்களை யாரும் தோற்கடிக்கவில்லை. புத்தாண்டுக்குப் பிறகு போட்ட ஓட்டில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது இடம். எங்கே போய்க் கேட்பது? ஆடித் தீர்த்துக்கொள்ள இன்னொரு ஆட்டம் இல்லை.

கிழக்கே ஒரு பெரிய நகரத்துப் பத்திரிகைக்காரர் எழுதினார், ஒரு கெஜத்தைக் கடக்கத் தெரியாத அணியை நான் எப்படி மேலே வைப்பது என்று. அந்தத் துண்டை எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் கண்ணாடியோரம் ஒட்டி வைத்திருந்தார்கள். மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடை கைமாறும்வரை அது அங்கேயே இருந்தது. லேலண்டுக்கு வீட்டில் நான்தான் முடி வெட்டிவிட்டேன்.

கோச் அடுத்த வசந்தத்தில் வேறு மாநிலத்தில் பெரிய வேலைக்குப் போய்விட்டார். கோர்டி ஒரு பெரிய கிளப்பின் பயிற்சிக்குப் போய் ஆகஸ்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். ஃப்ளோரிடாவில் அவர் ஆடுவதை நாடே பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று ஊர் சொன்னது. இருக்கலாம். ஆடாத ஆட்டத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

லேலண்ட் ஊரை விட்டுப் போயிருக்கலாம். நானே ஒரு முறை சொன்னேன். "எங்க போனாலும் இந்தப் பேருதானே என்கூட வரும்," என்றார். தானியக் கிடங்கில் எடைமேடை வேலைக்குச் சேர்ந்தார். ஜூனில் கோதுமை லாரிகள் சாலை வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அவர் நீளக் குழாயைக் குத்தி ஒரு பிடி எடுப்பார், ஈரம் பார்ப்பார், எடை போடுவார், எண்ணைச் சொல்வார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. "தராசு சொன்னா சொன்னதுதான். நெப்ராஸ்கால இருக்கறவன்கிட்ட இந்த லாரி எவ்வளவு கனம் இருக்கும்னு தோணுதுன்னு யாரும் கேக்கறதில்ல," என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். ஓட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அநேகமாக அவ்வளவுதான்.

ஊர் விடவில்லை. பெட்ரோல் பங்குக்கு அவர் காப்பி குடிக்கப் போனால் யாராவது ஒருவன் ஒரு முட்டியைத் தரையில் வைப்பான். மற்றவர்களும் வைப்பார்கள். அதில் டெல்மர் ஸ்டெக்லைன் என்ற தீவன வியாபாரிதான் தலைவர்.

"லேலண்ட் வந்துட்டாரு, எல்லாரும் மரியாதையா இறங்குங்கப்பா. கடிகாரம் ஓடட்டும்."

"டெல்மர், உன் தொப்பைக்கு நீ எழுந்திருக்க கிரேன் கூப்பிடணும்," என்பார் லேலண்ட். சிரித்துவிட்டு காப்பியை வெளியே எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்து குடிப்பார். வெறுப்பில் செய்ததில்லை அவர்கள். அவர் இல்லாதபோது அவருடைய வேலியைச் சரிசெய்து கொடுத்தவரும் டெல்மர்தான். ஆனாலும் முப்பது வருஷம் ஒரே வேடிக்கை.

எங்கள் கல்யாணப் பூசையில் பீடத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் முழங்காலிட்டபோது பின்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அது கோயில் முழுக்கப் பரவியது. பாதர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். லேலண்டின் காது சிவந்ததை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எங்களுக்கு நான்கு பெஞ்சு முன்னால் கோர்டியின் தலை தெரியும். வருஷத்துக்கு வருஷம் அதில் முடி குறைந்தது.

கோர்டி எரிவாயு லாரி ஓட்டினார். பண்ணை வீடுகளின் பின்னால் வெள்ளைத் தொட்டிகள் இருக்குமே, அவற்றை நிரப்புகிற வேலை. எங்கள் வீட்டுத் தொட்டியையும் அவர்தான் நிரப்பினார். கதவைத் தட்டமாட்டார். லாரி நிற்கும், குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போவார், முடித்ததும் ரசீதை வலைக்கதவில் செருகிவிட்டுப் போய்விடுவார். நான் அடுப்பங்கரை ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்ப்பேன். முழங்கால்கள் அவருக்கு அப்போதே போய்விட்டன. படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவார். ஒரு ஜனவரியில் பனிப்புயல் வந்து சாலையெல்லாம் மூடியபோது, பக்கத்துப் பண்ணைகள் எரிவாயு கேட்டுப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் யாருக்கும் போன் செய்யவில்லை. பனி வாருகிற வண்டிக்குப் பின்னாலேயே அவர் லாரி எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது.

"கோர்டி வந்திருக்காரு," என்றேன்.

லேலண்ட் நாற்காலியிலிருந்து எழுந்தார். கோட்டை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டதும் திரும்ப ஆணியில் மாட்டினார்.

நான்கு அணிகளை எடுத்து ஆட விட்டு, அதில் ஜெயிப்பவனைச் சாம்பியன் ஆக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது லேலண்டுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. கிடங்கின் தூசு. செய்தியைச் சொல்ல டெல்மர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு கொலாச்சி பெட்டி. பாப்பி விதை வைத்த பன், லேலண்டுக்குப் பிடித்தது.

"கேட்டியா லேலண்ட்? இனிமே நாலு பேரு. அன்னிக்கே இது இருந்திருந்தா நாம மூணாவதா உள்ள போயிருப்போம். நீ முட்டி போட்டுத் தூங்கியிருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காது."

லேலண்ட் பன்னைப் பிய்த்தபடி யோசித்தார்.

"அஞ்சாவதா நிக்கறவன் என்ன பண்ணுவான் டெல்மர்?"

"அவனுக்கு என்ன? அவன் அடுத்த வருஷம் வரட்டும்."

"அடுத்த வருஷம் அவன் படிப்ப முடிச்சிருப்பானே."

டெல்மர் தொப்பியை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம், "நான் விளையாட்டுக்குத்தான் அப்படி செய்வேன், நடீன். அவனுக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

அந்த நான்கு அணி முறை தொடங்க வேண்டிய வருஷம், 2014, இலையுதிர்காலத்தில் லேலண்ட் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆக்ஸிஜன் குழாய் மூக்கில். ஒரு மத்தியானம் நான் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது, எந்த ஆட்டமோ. அதில் ஒரு பையன் பந்தோடு முட்டி போட்டான். அதை இப்போது யாரும் கவனிப்பதுகூட இல்லை.

"அந்தப் பையன் அழுதுட்டு இருந்தான்," என்றார்.

எந்தப் பையன் என்று கேட்டேன்.

"எனக்கு எதிர்ல, கோட்டுல குனிஞ்சு நின்னவன். முதல் வருஷப் பையன். இடது கையில கட்டு. அவங்க ஆளுங்க எழுந்து நிக்கவே முடியாம இருந்தாங்க. என்னப் பாத்து, 'போதும்ணே, விட்டுடுங்க'ன்னான். என்னால அவன் மேல கோர்டிய ஏத்த முடியல."

இத்தனை வருஷம் என்னிடம் இல்லாத வாக்கியம் அது. நான் துணியை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா, கெஞ்சினவன்னு அந்தப் பையனுக்குப் பேராயிருக்கும். அவன் ஊர்லயும் பெட்ரோல் பங்க் இருக்கும்ல?" அவர் மூச்சுக்கு நின்றார். "ஒருத்தன் முட்டி போட்டது போதும்."

"கோர்டிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அவன்தான் பேசறதில்லையே. கூட்டம் அப்படிக் கத்திச்சு, அவனுக்கு அந்தப் பையன் குரல் கேட்டிருக்காது. கேட்டிருந்தா அவனே வேண்டாம்னு சொல்லியிருப்பான்."

அதற்கடுத்த வாரம் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முந்தின சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை. பெட்டி திறந்திருந்தது. அதற்கு முன்னால் முழங்காலிட மெத்தை வைத்த சிறிய பலகை. ஊரே வந்தது. ஒவ்வொருவராக அதில் முழங்காலிட்டு எழுந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். டெல்மர் பலகைக்கு முன்னால் வந்ததும் தயங்கினார். முழங்காலிடாமல் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அது எதனால் என்று எனக்குப் புரிந்தது. அவர்மேல் இருந்த கொஞ்ச வருத்தமும் அப்போது போனது.

எல்லோரும் போன பிறகு கோர்டி வந்தார். இரண்டு முழங்காலிலும் இரும்பு வைத்திருக்கிறார்கள், அவரால் மடக்க முடியாது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேலண்டின் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை.

"உட்காருங்க கோர்டி," என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். மசியல் வேண்டுமா என்று கேட்டதைத் தவிர.

உட்காரவில்லை.

"நடீன், அவன் உன்கிட்ட சொன்னானா? ஏன்னு?"

"கடைசியில சொன்னாரு."

"அந்தக் கட்டுப் போட்ட பையனப் பத்தி."

நான் பையனைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

"எனக்கும் கேட்டுச்சு," என்றார். "லேலண்ட் பின்னாடிதானே நான் நின்னேன். நாலு கெஜம். அந்தப் பையன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. லேலண்ட் திரும்பி என்னப் பாத்தான். நான் கையத் தட்டி, கொண்டா, கொண்டான்னு காட்டினேன். எனக்குப் பந்து வேணும்னு இருந்துச்சு. ஃப்ளோரிடா வேணும்னு இருந்துச்சு."

வெளியே யாரோ கார் கதவைச் சாத்தினார்கள்.

"பேப்பர்க்காரங்க கேட்டாங்க. ஊரு கேட்டுச்சு. 'அந்தப் பையன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு, லேலண்ட் செஞ்சது சரிதான்'னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒருத்தனும் அவன் முன்னாடி முட்டி போட்டிருக்க மாட்டான். மொதல்ல கோவத்துல சொல்லல. ரெண்டு வருஷத்துல கோவம் போயிடுச்சு. போனப்புறம் அவன் மூஞ்சியப் பாக்க முடியல. இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு உங்க வீட்டுக் கொல்லைக்கு எத்தன தடவ வந்திருப்பேன்."

"உங்களுக்குக் கேட்டிருக்காதுன்னுதான் அவர் சொன்னாரு," என்றேன். "கூட்டம் அப்படிக் கத்திச்சாம். கேட்டிருந்தா நீங்களே வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களாம்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அந்தப் பெரிய தோள்கள் இரண்டும் இறங்கின. லேலண்ட் உண்மையிலேயே அப்படி நம்பினாரா, திரும்பிப் பார்த்தவர் கோர்டியின் கையைக் காணாமலா இருந்திருப்பார், அல்லது தெரிந்தேதான் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாரா, எனக்குத் தெரியாது. கேட்க இனி ஆள் இல்லை.

"எங்க தொட்டி ஒரு குளிர்காலத்துலயும் காலியானதில்ல கோர்டி," என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் தலையை ஆட்டினார். பக்கவாட்டில் படி இறங்கிப் போனார்.

மறுநாள் பெட்டியைத் தூக்க ஆறு பேரை ஏற்கெனவே சொல்லியிருந்தோம், டெல்மரும் ஒருவர். கோர்டியின் கால்களுக்கு அது முடியாது. கல்லறைக்குப் போகும் பாதையில் காற்று அடித்தது, கோதுமை அப்போதுதான் முளைவிட்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கூட்டத்தோடு இல்லை. பெட்டிக்கு நேர் பின்னால், தனியாக, நாலு கெஜம் தள்ளி வந்துகொண்டிருந்தார். ஆட்டத்தில் அவர் நிற்கும் இடம் அது. வேகமாக நடந்தவர்கள் அவரைத் தாண்டிப் போகாமல் பின்னாலேயே வந்தார்கள். பெட்டியைக் குழியருகே இறக்கி வைத்தபோது அவரும் நின்றார். கிட்டே வரவில்லை.